கைக்கு ஏற்ற சுட்டி

யாழ்ப்பாண நகருக்குத் தென்கிழக்கே, பாசையூரை அடுத்துக் கடனீரேரியின் ஓரமாக அமைந்த ஊர் கொழும்புத்துறை. அங்கு நீர் ஆழங் குறைந்தது. ஆழங் குறைந்த நீரிலே தோணி செலுத்துவோனுக்குத் துடுப்பிலும் பார்க்க, நிலத்தில் ஊன்றித் தள்ளும் கோலே பெருந்துணையாகும். அக்கோல் நல்லதா அன்றா என்பதை இரண்டு அளவுகளைக் கொண்டே துணியலாம். அது செலுத்துவோனின் பிடிக்குள் அடங்க வேண்டும். நீரின் ஆழத்துக்கு எட்டவும் வேண்டும். முதலாவது கையின் அளவு. இரண்டாவது தேவையின் அளவு. மனிதன் கையாலே ஆளும் கருவிகள் யாவற்றுக்கும் இவ்விரண்டு அளவுகளுமே பொது விதியாகும்.

இன்று அவ்வூர் இளைஞரின் கையிலே புதியதொரு கருவி குடிகொண்டிருக்கின்றது. கணினித் திரையிலே வேண்டிய இடத்தைக் காட்டி, வேண்டிய செயலை ஏவும் அக்கருவியைப் பாடநூல்கள் சுட்டி என்று வழங்குகின்றன. பேச்சு வழக்கிலே அது மவுஸ். எழுத்து வேலைக்கென ஒருவகைச் சுட்டியும், கணினி விளையாட்டுக்கென்றே வேறொருவகைச் சுட்டியும் கடைகளில் விற்கப்படுகின்றன. விளையாட்டுச் சுட்டியின் பெட்டியிலே பெரிய பெரிய எண்கள் அச்சிடப்பட்டிருக்கும்; உள்ளே வண்ண வண்ண விளக்குகள் மின்னும். எண் பெரிதானால் சுட்டியும் சிறந்தது, விலை உயர்ந்தால் வெற்றியும் உறுதி என்று எண்ணுவோர் பலர். அந்த எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதை அக்கருவியின் வரலாறே எடுத்துக் காட்டுகின்றது.

சுட்டியை முதன்முதல் எண்ணிப் பார்த்தவர் அமெரிக்கரான டக்ளஸ் எங்கல்பார்ட். 1925ஆம் ஆண்டு பிறந்த இவர், இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையிலே ராடார் கருவிப் பணியாளராகச் சேவை புரிந்தவர். 1957ஆம் ஆண்டிலே கலிபோர்ணியாவிலுள்ள ஸ்ரான்போர்ட் ஆராய்ச்சி நிறுவனத்திற் சேர்ந்தார். கணினி என்பது பெரிய அறையொன்றை அடைத்துக்கொண்டு கணக்குப் போடும் இயந்திரம் என்று உலகம் கருதிய காலம் அது. எங்கல்பார்ட்டோ, மனிதன் தன் சிந்தனையை வளர்த்துக் கொள்வதற்கு அவ்வியந்திரம் துணைநிற்க வேண்டும் என்று கருதினார். அவ்வாறாயின், திரையிலே தோன்றும் சொல்லையோ கோட்டையோ மனிதன் விரைவாகத் தொட்டுக் காட்ட ஒரு வழி வேண்டும்.

வழிகள் முன்னரும் இல்லாமல் இல்லை. 1952ஆம் ஆண்டளவில் கனடா நாட்டுக் கடற்படைக்காகச் செய்யப்பட்ட ஒரு பொறியிலே, விளையாட்டுப் பந்தொன்றைக் கையால் உருட்டித் திரையில் குறியை நகர்த்தினார்கள். திரையின்மேல் நேரே வைத்துக் காட்டும் ஒளிப்பேனாவும் வழக்கிலிருந்தது. ஆயினும் ஒளிப்பேனாவைப் பிடிப்பவர் கையை உயர்த்தித் திரைமட்டத்தில் வைத்திருக்க வேண்டும். சிறிது நேரத்திலே தோள் சோர்ந்துவிடும். மேசையின்மேல் கை ஓய்வாகத் தங்கியிருக்க, அதன் சிறு அசைவே திரையில் குறியை நகர்த்துமானால் எவ்வளவு நன்றாயிருக்கும்! இக்கருத்துக்கு 1964ஆம் ஆண்டிலே உருக்கொடுத்தவர் எங்கல்பார்ட்டின் துணைவராகப் பணியாற்றிய வில்லியம் இங்கிலிஷ் என்னும் பொறியியலாளர். அவர் செய்தது கைக்குள் அடங்கும் ஒரு மரக்கட்டை. அதன் அடியிலே ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு சில்லுகள். மேலே ஒரேயொரு பொத்தான். கட்டையிலிருந்து நீண்ட கம்பி வாலைப் போலத் தோன்றியதால் அதற்கு எலி என்னும் பெயர் வாய்த்தது. அப்பெயரை முதலில் இட்டவர் யார் என்பது எங்கல்பார்ட்டுக்கே நினைவில் இருக்கவில்லை.

கருவியைச் செய்தவர்கள், அதுவே சிறந்ததென்று பறைசாற்றி அமைந்துவிடவில்லை. ஒளிப்பேனா, கைப்பிடிக் கோல், முழங்காலால் அசைக்கும் கருவி ஆகியவற்றோடு அதனை நிறுத்திப் பரிசோதித்தார்கள். அதன் முடிவுகள் 1967ஆம் ஆண்டு வெளிவந்தன. பழக்கம் பெற்றவர்களிடத்தே சுட்டியே விரைவிலும் திருத்தத்திலும் முதலிடம் பெற்றது. புதியவர்களோ ஒளிப்பேனாவையும் முழங்காற் கருவியையும் சுட்டியிலும் நன்றாகக் கையாண்டார்கள். இம்முடிவு ஆழ்ந்து நோக்கற்பாலது. கருவி ஒன்றுதான், ஆயினும் கை மாறியபோது அதன் தரமும் மாறியது. யாருடைய கை, எவ்வளவு பழகிய கை என்று கேளாமல் ஒரு கருவியைச் சிறந்தது என்று சொல்லுதல் இயலாது என்னும் உண்மை, சுட்டியின் முதற் பரிசோதனையிலேயே வெளிப்பட்டுவிட்டது.

1968ஆம் ஆண்டு திசெம்பர் 9ஆம் திகதி, சான் பிரான்சிஸ்கோ நகரிலே ஏறக்குறைய ஆயிரம் பேர் கூடிய அவையில் எங்கல்பார்ட் அதனை இயக்கிக் காட்டினார். அன்று அவருடைய வலக்கையிலே சுட்டி இருந்தது. இடக்கை ஐந்து விசைகள் கொண்ட ஒரு சிறு பலகையின்மேல் இருந்தது. ஒரு கை இடத்தைச் சுட்ட, மறுகை கட்டளையிடும் இந்தப் பங்கீடு, முப்பது ஆண்டுகளின் பின்னர் விளையாட்டுக் களத்திலே வேறு வடிவிற் புத்துயிர் பெற்றது.

அதே 1968ஆம் ஆண்டிலே ஜேர்மனியின் ரெலிபுங்கன் நிறுவனம், சில்லுகளுக்குப் பதிலாக உருளும் பந்தொன்றைக் கொண்ட கருவியை அறிமுகம் செய்தது. அமெரிக்காவில் செரொக்ஸ் நிறுவனத்துக்குச் சென்ற இங்கிலிஷும் அவருடன் இருந்தோரும் பந்து கொண்ட சுட்டியை அமைத்தனர். 1973இல் அங்கு உருவான ஆல்ரோ என்னும் கணினியோடு சுட்டி பிரியாத் துணையாயிற்று. அந்நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர் 1978இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, சுட்டியின் ஆற்றலை இன்னொரு வகையில் அளந்தது. அதற்கு அடிப்படையாயிருந்தது போல் பிற்ஸ் என்னும் உளவியலாளர் 1954இல் கண்ட விதி. இலக்கு தொலைவில் இருந்தால் கை அதனை அடைய நேரம் கூடும். இலக்கு சிறிதாயிருந்தாலும் நேரம் கூடும் என்பதே அவ்விதியின் சாரம். சுட்டியைக் கொண்டு இலக்கை அடையும் வேகம், வெறுங்கை இலக்கை அடையும் வேகத்துக்கு அண்மையில் நிற்கின்றது என்று ஆய்வு காட்டியது. அதாவது, எல்லை வகுப்பது கருவி அன்று. கண்ணும் கையும் ஒன்றோடொன்று இசையும் ஆற்றலே எல்லை வகுக்கின்றது. பணத்தைக் கொடுத்துக் கருவியை மாற்றலாம். கண்ணுக்கும் கைக்கும் இடையிலுள்ள இசைவோ பயிற்சியினாலன்றி வாராது.

பின்னர் சுட்டி சந்தைக்கு வந்தது. 1981இல் சுவிற்சர்லாந்தின் சிற்றூரொன்றில் லொஜிரெக் நிறுவனம் தொடங்கப் பெற்றது. 1983இல் மைக்ரோசொப்ற் நிறுவனம் தன் சுட்டியை வெளியிட்டது. 1984இல் அப்பிள் நிறுவனத்தின் மக்கின்ரொஷ் கணினி ஒற்றைப் பொத்தான் சுட்டியோடு வீடுகளுக்குள் நுழைந்தது. இலட்சக் கணக்கில் ஒரே அச்சிலே வார்க்கும் தொழிற்சாலைக்குக் கைகளின் வேறுபாடு புலப்படுவதில்லை. பத்து வயதுச் சிறுமியின் கைக்கும் பருத்த உழைப்பாளியின் கைக்கும் ஒரே கட்டை கொடுக்கப்பட்டது. இடக்கையாளர் வலக்கையினராக மாறவேண்டியவராயினர். அடியிலிருந்த பந்தோ மேசைத் தூசியை அள்ளிக்கொண்டு அடிக்கடி சிக்கியது. அந்தத் தொல்லை 1999ஆம் ஆண்டளவிலே நீங்கியது. ஹியூலெற் பக்கார்ட் நிறுவன ஆராய்ச்சியின் பயனாக, சுட்டியின் அடியிலே மிகச் சிறிய ஒளிப்படக் கருவி ஒன்று அமைந்தது. அது மேசைப் பரப்பை வினாடிக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட தடவை படம்பிடித்து, படத்துக்குப் படம் நேர்ந்த மாற்றத்தைக் கொண்டு அசைவைக் கணிக்கின்றது.

கையை மீண்டும் நினைவூட்டியவர்கள் விளையாட்டு வீரர்களே. 1996இல் குவேக் என்னும் விளையாட்டு வெளிவந்தது. இடக்கை விரல்கள் விசைப்பலகையின் டபிள்யூ, ஏ, எஸ், டி என்னும் நான்கு எழுத்துக்களிலே நின்று நடையை ஆள, வலக்கை சுட்டியாற் பார்வையையும் குறியையும் ஆளும் முறை அக்காலத்தே வலுப்பெற்றது. 1997இல் நடந்த குவேக் போட்டியில் டெனிஸ் பொங் என்னும் இளைஞர் இம்முறையால் வென்று, பெராரி மோட்டார் வண்டி ஒன்றைப் பரிசாகப் பெற்றார். 1998இல் வந்த ஸ்ரார்கிராவ்ற் என்னும் படைநடத்தும் விளையாட்டு, கொரியா நாட்டிலே பெருங் கூட்டங்களை ஈர்த்தது. 1999இல் ரேசர் என்னும் பெயரோடு விளையாட்டுக்கெனவே ஒரு சுட்டி விற்பனைக்கு வந்தது. அற்ப நேரத்துக்குள்ளே வெற்றி தோல்வி முடிவாகும் களத்திலே, கைக்கு ஒவ்வாத சுட்டி உடனே தன் குறையைக் காட்டிவிடும். ஆதலால் வடிவம், எடை, பிடி என்பன மீண்டும் ஆராயப்பட்டன. ஆயினும் அவற்றோடு கூடவே எண்களின் ஆரவாரமும் பிறந்தது.

உலகம் இவ்வாறு சில்லிலிருந்து பந்துக்கும், பந்திலிருந்து ஒளிக்கும் படிப்படியாக நடந்தபோது கொழும்புத்துறையின் நிலை யாது? 1990இல் யாழ்ப்பாணம் தேசிய மின்வலுத் தொகுதியிலிருந்து துண்டிக்கப்பட்டது. மண்ணெண்ணெய் விளக்கின் ஒளியிலே மாணவர் படித்தனர். மின்கலங்களும் எரிபொருளும் தடைப்பட்ட பொருள்களாயின. 1995 ஒக்டோபர் இறுதியிலே நகரமும் வலிகாமமும் ஊர்விட்டு எழுந்தன. மக்கள் மீண்டு வந்த பின்னர் உள்ளூர் டீசல் இயந்திரங்களே மின்சாரம் தந்தன. தேசிய மின்வலுத் தொகுதியோடு குடாநாடு மீண்டும் இணைந்தது 2013ஆம் ஆண்டிலேதான். சுட்டியைத் தந்த எங்கல்பார்ட் காலமானதும் அவ்வாண்டே. வேறிடத்துப் பிள்ளைகள் பெற்றோரின் மேசையிலே மூன்று தலைமுறைச் சுட்டிகளைத் தொட்டுப் பழகினார்கள். இங்குள்ள வீடுகள் பலவற்றுக்கு அது முடிந்த பொருளாய், பெட்டிக்குள் அடைபட்டு, ஒரேயடியாக வந்து சேர்ந்தது. அனுபவம் சொல்லித்தர வேண்டியதைப் பெட்டியின் மேலுள்ள எழுத்துச் சொல்லத் தொடங்கிற்று.

பிழையான தெரிவின் விலையும் சிறிதன்று. 2022இல் நாணய நெருக்கடி நேர்ந்தபோது, ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர் சில மாதங்களில் 360 ரூபாவளவுக்கு உயர்ந்தது. 50 டொலர் பெறுமதியான சுட்டி, வரியும் கூலியும் சேராமலே 10,000 ரூபாவிலிருந்து 18,000 ரூபாவாயிற்று. பின்னர் டொலரின் விலை சற்று இறங்கினும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. நாட்கூலியிலே குடும்பம் நடத்தும் வீட்டில் அத்தொகை விளையாட்டுக் காசு அன்று. அதனினும் பெரிது உடம்பின் இழப்பு. பொருந்தாத சுட்டியைப் பல மணிநேரம் இறுகப் பிடிப்போருக்கு மணிக்கட்டிலும் முன்கையிலும் வலி தோன்றக்கூடும். வளரும் பிள்ளைகள் அதனை அசட்டை செய்தல் தகாது.

ஆகவே வரலாறு காட்டும் ஒழுங்கிலேயே தெரிவும் நடைபெற வேண்டும். முதலில் கை, அடுத்துத் தேவை, அதன் பின்னரே எண்கள்.

கையை அளத்தல் எளிது. மணிக்கட்டின் மடிப்பிலிருந்து நடுவிரல் நுனிவரை அளவுகோலால் அளந்தால் கையின் நீளம் கிடைக்கும். அந்நீளத்தில் நூற்றுக்கு அறுபது பங்கு சுட்டியின் நீளமாயிருத்தல் நன்று என்பது விளையாடுவோரிடையே வழங்கும் ஒரு கணக்கு. கை 18 சென்ரிமீற்றராயின் சுட்டி ஏறத்தாழ 10.8 சென்ரிமீற்றர் இருக்கலாம். இது தொடக்கத்துக்குரிய கணக்கே. முடிந்த முடிபு அன்று. ஏனெனில் பிடிக்கும் முறையும் ஆளுக்காள் வேறுபடும். கை முழுவதும் சுட்டியின் முதுகிலே படிந்து கிடப்பது உள்ளங்கைப் பிடி. இதற்கு நீண்டு உயர்ந்த முதுகுடைய சுட்டி வேண்டும். உள்ளங்கையின் அடி மாத்திரம் பின்புறத்திலே தங்க, விரல்கள் வளைந்து நிற்பது வளைவிரற் பிடி. இதற்கு முதுகு பின்புறமாக உயர்ந்திருத்தல் நன்று. உள்ளங்கை தொடாமல் விரல் நுனிகளாலேயே ஆள்வது நுனிவிரற் பிடி. இதற்குச் சிறியதும் எடை குறைந்ததுமான சுட்டி ஏற்றது. எப்பிடி சிறந்தது என்னும் வினா வீண். எவரும் கற்பிக்காமலே தன் கை எப்படி அமர்கின்றது என்று கவனிப்பவனுக்குத் தன் பிடி விளங்கும். இடக்கையாளர், வலப்புறம் சாய்ந்து வார்க்கப்பட்ட சுட்டியை விலக்கி, இருபுறமும் ஒத்த வடிவுடையதைத் தேடுதல் வேண்டும். அதிலும் பக்கப் பொத்தான்கள் எப்பக்கத்தில் உள்ளன என்பதை நோக்குதல் அவசியம்.

அடுத்தது தேவை. குறிபார்த்துச் சுடும் விளையாட்டிலே கை பெரிய வீச்சாகவும் உடனே நுண்ணிய அசைவாகவும் மாறி மாறி இயங்கும்; சுட்டியைத் தூக்கித் தூக்கி வைக்கவும் நேரும். அங்கே எடை குறைவு துணைசெய்யும். இன்று 60 கிராம் அளவான சுட்டிகளும் உண்டு. படை நடத்தும் விளையாட்டிலே ஓயாது அழுத்தும் பொத்தான்கள் மென்மையும் உறுதியும் உடையனவாயிருத்தல் வேண்டும். பலர் கூடி நெடுநேரம் ஆடும் கதை விளையாட்டுகளிலே பெருவிரலருகே பல பொத்தான்கள் பயன்படும்; மற்றையோருக்கு அவை இடையூறே. படிப்புக்கும் எழுத்து வேலைக்கும் அதே சுட்டி பயன்படப் போகின்றதாயின், விளையாடும் ஒரு மணிநேரத்தை மாத்திரமன்றி வேலை செய்யும் நான்கு மணிநேரத்தையும் கருதியே வாங்க வேண்டும். கம்பியில்லாச் சுட்டி கைக்கு விடுதலை தரும். ஆனால் அதற்கு மின்னேற்றம் வேண்டும். கம்பியுள்ள சுட்டிக்கு அக்கவலை இல்லை. பெரும்பாலும் விலையும் குறைவு.

இனி எண்கள். டி.பி.ஐ. என்று அச்சிடப்படுவது, சுட்டி ஓர் அங்குலம் நகரும்போது கணினிக்கு எத்தனை படிகளை அறிவிக்கின்றது என்னும் கணக்கு. 1,920 புள்ளி அகலமுள்ள திரையிலே, மென்பொருளின் வேகத்தை மாற்றாதவிடத்து, 800 என்னும் அளவில் குறி ஒரு கரையிலிருந்து மறுகரைக்குச் செல்லக் கை 2.4 அங்குலம் நகர வேண்டும். 16,000 என்னும் அளவிலோ மூன்று மில்லிமீற்றர் அசைந்தாற் போதும். மூன்று மில்லிமீற்றருக்குள் திரை முழுவதையும் அடக்கி, அதனுள்ளே சிறு இலக்கொன்றைப் பிடிக்க எந்தக் கையால் இயலும்? தொழில்முறை ஆட்டக்காரருட் பலர் 400, 800, 1,600 என்னும் அளவுகளிலேயே ஆடுகின்றனர். பெட்டியிலுள்ள 25,000, 30,000 என்னும் எண்கள் உணரியின் உச்ச வரம்பைச் சொல்வனவேயன்றி, ஆட்டக்காரனின் திறமையைச் சொல்வன அல்ல.

வினாடிக்கு எத்தனை முறை சுட்டி தன் நிலையைக் கணினிக்கு அறிவிக்கின்றது என்பது மற்றோர் எண். சாதாரண சுட்டி 125 தடவை, அதாவது 8 மில்லிவினாடிக்கு ஒருமுறை அறிவிக்கும். 1,000 தடவை அறிவிப்பது மில்லிவினாடிக்கு ஒருமுறை. இவ்வுயர்வு விளையாட்டிலே பயனுள்ளது. 8,000 தடவை என்று விளம்பரம் செய்யப்படுவதோ மேலும் ஒரு மில்லிவினாடியைக்கூட மீட்பதில்லை. வினாடிக்கு 60 தடவை படம் மாற்றும் திரையை வைத்திருப்பவனுக்கு ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறக்குறைய 17 மில்லிவினாடி கழிகின்றது. அவன் அந்தச் சிறு பகுதிக்காக இரட்டிப்பு விலை கொடுத்தல், ஓட்டைக் குடத்துக்குப் பொன் முலாம் பூசுவது போலாகும். வண்ண விளக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. விளையாடும்போது அது கைக்குள் மறைந்து கிடக்கின்றது.

கணினி விளையாட்டை வெறும் பொழுதுபோக்கென்று பெரியோர் ஒதுக்கிய காலமும் மாறி வருகின்றது. 2018இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவிலே அது காட்சிப் போட்டியாக இடம்பெற்றது. 2023இல் ஹாங்சோ நகரில் நடந்த விழாவிலே பதக்கங்களோடு கூடிய போட்டியாயிற்று. இதனாற் பாடப் புத்தகத்தை மூடிவிடலாம் என்பது பொருளன்று. பிள்ளை ஒரு சுட்டி கேட்கும்போது, பெற்றோர் வேண்டாம் என்று சினப்பதும், விலை உயர்ந்ததையே வாங்கிக் கொடுத்து அன்பு காட்டுவதும் ஆகிய இரண்டையும் விட்டு, அளவுகோலொன்றைக் கையிற் கொடுத்து அளந்து வரச் சொல்லலாம் என்பதே பொருள். அளந்த பின்னர் நண்பர் வீட்டுச் சுட்டிகளைப் பிடித்துப் பார்க்கலாம். கடையிலே அனுமதி பெற்றுச் சில நிமிடம் நகர்த்திப் பார்க்கலாம். பெருவிரல் இயல்பாகத் தங்குகின்றதா, சிறுவிரல் மேசையில் உராய்கின்றதா, தூக்கும்போது விரல்கள் இறுகுகின்றனவா என்று கவனிக்கலாம். கண்ணாடி மேசையில் ஒளியுணரி தடுமாறும் ஆதலால், சுட்டிக்குக் கீழே துணி விரிப்பொன்று இடுதல் நலம். முழங்கை தொங்காமல் மேசைமட்டத்தில் தங்குவதும், மணிக்கு ஒருதடவையாவது கைக்கு ஓய்வு கொடுப்பதும் எந்தச் சுட்டிக்கும் பொதுவான விதிகள்.

எங்கல்பார்ட்டின் கூடத்தில் நிகழ்ந்த பரிசோதனை ஒரு நாளோடு முடிந்ததன்று. வாங்குகின்ற ஒவ்வொருவரும் தம் கையைக் கொண்டு அதனைத் திரும்பச் செய்ய வேண்டியவரே. அன்று மரக்கட்டையைச் சோதித்தவர்களிடம் விளம்பரம் இல்லை. கடிகாரமும், பிழைகளைக் குறித்த தாளும், பலருடைய கைகளுமே இருந்தன. நல்ல சுட்டி எது என்று அறிவதற்கு இன்றும் வேண்டுவன அவையே.